வானத்து ஆளைக் கூட்டிப்போக வந்தவர்

எங்கள் மாடி வீட்டை அவருக்கு வாடகைக்கு விடலாமா என்று நான் கேட்டபோது என் வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கறி புழங்குவாரா? நாங்களே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறி எடுக்கிறவர்கள். ஆனாலும் வாடகைக்கு விடுகிறவர் என்று ஆகிவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்டே தீரவேண்டும் போலிருக்கிறது. நமக்கும் சேர்த்துப் புழங்குவார், பேசாமல் வெள்ளையடிக்கிற வேலையைப் பாருங்கள் என்றேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியின் ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்க்கிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். எங்கள் துணியை வாங்குகிற தென்னாப்பிரிக்கக் கம்பெனி, சரக்கு கன்டெய்னரில் ஏறுவதற்கு முன்னால் இங்கேயே இருந்து சோதித்துப் பார்க்க ஓர் ஆளை அனுப்பியது. ஆபீசில் எனக்குத்தான் இங்கிலீஷ் கொஞ்சம் சரளமாக வரும் என்பதால் அவரை என் தலையில் கட்டினார்கள். லாட்ஜ் சாப்பாட்டில் ஆள் இளைத்துக்கொண்டே போனார். பார்க்கச் சகிக்காமல்தான் மாடியைக் கொடுத்தேன். வந்த வாரத்திலேயே என்னை அக்கா என்று கூப்பிடப் பழகிவிட்டார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் ஊரில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்லமாட்டாளாம். அந்தப் பெயரின் சாயல் உள்ள வேறு சொற்களைக்கூட மாற்றித்தான் பேசுவாளாம். நானும் ரேஷன் கடையைத் தவிர வேறெங்கும் என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னதில்லை என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அதனால் இதில் யாருக்கும் பெயர் கிடையாது.

அவர் ஜூலு இனத்தவர். அந்தப் பாஷையில் மூன்று எழுத்துகள் நாக்கைச் சொடுக்கிச் சொல்ல வேண்டியவை. ஒன்று, பாட்டில் மூடியைத் திறந்தது போலிருக்கும். இன்னொன்று, வண்டிமாட்டை ஓட்டும்போது கன்னத்தோரம் எழுப்புகிற சத்தம். மூன்றாவது, நாம் ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுகிறோமே, அதேதான். என் மகள் அப்போது நாலாம் வகுப்பு. ஒரே வாரத்தில் மூன்றையும் பிடித்துக்கொண்டாள். எனக்கு உச்சு மட்டும்தான் வந்தது. நீங்கள் பரிதாபப்படுவதற்கு மட்டும் வைத்திருக்கிற சத்தத்தில் நாங்கள் குடும்பமே நடத்துகிறோம் என்பார்.

ஒரு நாள் சாயங்காலம் செண்பகத்தோப்புப் பக்கம் மலை கறுத்துக்கொண்டு வந்தது. துணி எடுக்க எல்லோரும் மொட்டைமாடியில் நின்றோம். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னதை நான் இங்கிலீஷில் சொன்னேன். அந்தச் சொல்தான் எங்கள் பெயர் என்றார் அவர். இஜூலு என்றால் வானம். மழை பெய்தாலும் இஜூலுதான் பெய்கிறது, இடித்தாலும் இஜூலுதான் இடிக்கிறது. முன்னோர் ஒருவருக்கு வானம் என்றே பெயர். அவர் வழி வந்தவர்கள் அமாஜூலு, வானத்து ஆட்கள். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, எங்களுடையது வானம் பார்த்த பூமி, நீங்கள் மேலே நாங்கள் கீழே, வாடகைக்கும் அப்படித்தானே விட்டிருக்கிறோம் என்றார். அன்றைக்கு நனைந்துகொண்டே சிரித்தோம். அவருக்குக் கம்பஞ்சோறும் தயிரும் கொடுத்தால் போதும், அம்மா கையால் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று சட்டியை வழித்துவிடுவார்.

பங்குனி மாதம். ஆபீஸ் முடிந்து நான் பஸ்ஸில் வந்தேன். எப்போதும் போல அவர் ஸ்கூட்டரில் முன்னால் கிளம்பிவிட்டார். மம்சாபுரம் விலக்குக்குப் பக்கத்தில் பஸ் ஊர்ந்தது. பஞ்சுப்பொதி ஏற்றிய லாரி ஒன்று சாலையோரப் புளியமரத்தை ஒட்டிக் கோணலாக நின்றது. கூட்டம். மரத்தடியில் யாரையோ வேட்டியால் மூடியிருந்தார்கள். பஸ்ஸில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள், நானும் கொட்டினேன். அவர் பாஷையில் எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து அது. அதை அவருக்கே சொல்லியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

உடம்பை மதுரைக்குக் கொண்டுபோய், பேப்பர்கள் முடித்து, பெட்டியில் வைத்து அனுப்புகிற வரைக்கும் எல்லா மெயிலையும் நான்தான் அடித்தேன். அவர் போய்வந்த சர்ச்சில் ஒரு ஜெபக்கூட்டம் வைத்தார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. கொஞ்ச நாளில் மாடியில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ராத்திரியில் இல்லை. தெருவில் ஈ காக்கை இல்லாத உச்சிப் பொழுதில், பூட்டிய அறைக்குள்ளே சொடக்குச் சத்தம். பல்லி என்றார் என் வீட்டுக்காரர். நானும் பல்லி என்றேன். அப்புறம் பள்ளிக்கூட லீவு வந்தது. ஒரு மத்தியானம் மகளைக் காணோமென்று தேடிப்போனால், மாடிப் படியின் கடைசியில் பூட்டிய கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நாக்கைச் சொடுக்குகிறாள். நிறுத்துகிறாள். தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். மறுபடியும் சொடுக்குகிறாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. தூக்கிக்கொண்டு வந்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்து எல்லாம் நார்மல் என்றார்கள். காய்ச்சல் மட்டும் விட்டு விட்டு வந்தது.

நான் ஆபீசில் இருந்த ஒரு நாள், என் வீட்டுக்காரரும் தளவாய்புரத்திலிருந்து வந்த அவருடைய அண்ணனும் பிள்ளையை ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போயிருக்கிறார்கள். அவன் உடுக்கை அடித்துக் குறி சொல்லியிருக்கிறான். அநியாயச் சாவு, போக வழி தெரியாமல் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது, கட்டித்தான் போடவேண்டும் என்று. எங்கே விழுந்தாரோ அந்தப் புளியமரத்துக்கே போய், பிள்ளையின் உச்சிமுடியில் ஒரு கொத்தை வெட்டி, ஆணியில் சுற்றி, மரத்தில் வைத்து என் வீட்டுக்காரரையே அடிக்கச் சொல்லியிருக்கிறான். ஆணி இருக்கிறவரைக்கும் அவர் அங்கேதான். பிடுங்கினால் நேரே பிள்ளையிடம் வருவார். இதுதான் கோடாங்கி சொன்ன கணக்கு.

உச்சியில் முடி இல்லாமல் நின்ற மகளைப் பார்த்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. முடிக்காகத்தான் கத்துகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, மில்லில் ஃபிட்டராக இருக்கிற என் வீட்டுக்காரர் ஆணியும் சுத்தியலுமாகப் போய் இப்படி ஒரு காரியம் செய்தாரே என்றுதான் ஆத்திரம். ஆனால் அதற்குப் பிறகு காய்ச்சல் வரவில்லை. மாடியில் சத்தமும் நின்றுபோனது. அதுதான் என்னை உலுக்கியது. பல்லி என்றால் ஏன் நிற்கவேண்டும்? தினமும் அந்த மரத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகவேண்டும். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் மரம் வராத பக்கமாகப் பார்த்து உட்காருவேன். சீட் கிடைக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்வேன்.

அடுத்த வருஷம் அவருடைய அக்கா வந்தார்.

வருவதற்கு முன்பே போனில் பேசியிருந்தார். தம்பி இருந்த இடத்தைப் பார்க்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். ஐம்பதைத் தாண்டிய, கனத்த உடம்புக்காரர். டீச்சர் வேலை. மாடி அறையைத் திறந்து கொடுத்தோம். காப்பியைக் குடித்துவிட்டு, எதற்கு வந்தேன் என்று சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். பெட்டியில் வந்தது உடம்பு மட்டும். அவர்கள் வழக்கப்படி, வெளியூரில் இறந்தவரை வீட்டு ஆள் ஒருவர் நேரில் போய்க் கூட்டிவரவேண்டும். அதற்கென்று ஒரு மரம் இருக்கிறது. அரசனைப் புதைக்கிற மரம் என்று அதற்குப் பெயர். அதன் கிளையை எடுத்துக்கொண்டு இறந்த இடத்துக்குப் போய், வா, வீட்டுக்குப் போகலாம் என்று அவரிடம் சொல்லவேண்டும். கிளையில் ஏறி அவர் வருவார். கொண்டுபோகிறவர் வழியில் வேறு யாரோடும் பேசக்கூடாது, அவரோடு மட்டும்தான். ஆறு வந்தால் ஆறு, திருப்பம் வந்தால் திருப்பம், எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போகவேண்டும். இல்லாவிட்டால் பாதியில் தங்கிவிடுவார். அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கவேண்டும்.

சர்ச்சில் ஜெபம் செய்தோமே என்றேன். நல்லது, ஆனால் ஜெபம் கடவுளிடம் சொல்வது, இது அவனிடம் சொல்வது என்றார். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லையே என்றார். ஆணியடித்து நாங்கள் சொன்னது இன்னது என்று எனக்குத் தெரியும். காலித் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கிளையை ஏர்போர்ட்டில், செடிகொடி உள்ளே விடமாட்டோம் என்று வாங்கிக்கொண்டார்களாம். அந்த இடத்தில் மட்டும் அவர் குரல் உடைந்தது. போனில் அந்த மரத்தின் படத்தைக் காட்டினார். ஜோடி ஜோடியாக முள், ஒன்று நேராக, ஒன்று கொக்கியாக. நேர்முள் போகப்போகிற வழி, கொக்கி வந்த வழி என்று அவர்கள் சொல்வார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாயும் போட்டு விற்கிறார்களே, அந்த இலந்தை. மம்சாபுரம் கண்மாய்க் கரையில் ஆடு மேய்கிற இடமெல்லாம் நிற்கிறது. அவர் ஊர்ப் பெரியவர்களிடம் போன் போட்டு நீண்ட நேரம் பேசினார். இரண்டு முள்ளும் இருக்கிறதா என்று கேட்டார்களாம். இருந்தால் நம் மரத்துக்குச் சொந்தம்தான், கேட்டு ஒடித்துக்கொள் என்றார்களாம்.

அன்று மாலை அவர் தம்பியின் அறையில் தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். கீழே எங்களுக்கு அந்தச் சொடக்குகள் கேட்டன. மகள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

காலையில் அவர் சமையலறைக்கு வந்து, அவன் மாடி அறையில் இல்லை என்றார். அம்மா கனவில் ஒரே மாதிரித்தான் வருகிறானாம். ஒரு பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்து நிற்கிறானாம். கூப்பிட்டால் பார்க்கிறானாம், வருவதில்லையாம். அம்மாவுக்கு உடம்பு இறங்கிக்கொண்டே போகிறது, இவனை வாசலுக்குக் கொண்டுவராமல் அவர் கண்ணை மூடமாட்டார் என்றார்.

சொல்லாமல் இருந்துவிடலாம். விழுந்த இடத்தைக் காட்டினால் கிளையோடு போய்விடுவார். வெறுங்கிளை. அவர் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சொன்னால் ஆணியைப் பிடுங்கச் சொல்வார். பிடுங்கி, தம்பி கிளையில் ஏறாமல் போய், கோடாங்கி சொன்னதுதான் நிஜம் என்றால்? உள்ளறையில் மகள் தலை பின்னச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். உச்சியில் முடி அப்போதுதான் பின்னலுக்கு எட்டுகிற அளவு வளர்ந்திருந்தது. நம்பிக்கை இல்லாதவளுக்கு இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அடுப்பை அணைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நாளாக என்றுகூடக் கேட்கவில்லை. கட்டி வைத்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தீர்களா என்று கேட்டார்.

ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், அந்தம்மா என்ன கேட்கிறார் என்றார். சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் அந்தம்மாவைப் பார்த்தே தமிழில் பதில் சொன்னார்.

"அமாவாசைக்கு அமாவாசை கம்பஞ்சோறும் தயிரும் வச்சிட்டுத்தான் வாரேன். கட்டிப்போட்டவனப் பட்டினி போட ஏலுமா?"

ஒரே வீட்டுக்குள் இப்படி ஒன்று எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. அமாவாசையன்று மில்லில் கூடுதல் வேலை என்று சொல்வார். கம்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று நான் கடைக்காரரிடம்கூடச் சண்டை போட்டிருக்கிறேன். அவர் சொன்னதை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன், முடிக்க முடியவில்லை. அந்தம்மாவுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, முதல் தடவையாக அழுதார்.

ஆனாலும் ஆணியைப் பிடுங்க என் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. சாப்பாடு வேறு, பிள்ளை வேறு என்றார். அண்ணனுக்குப் போன் போட்டார், அவர் அங்கிருந்து கத்துவது எனக்கே கேட்டது. நான் ஒன்றுதான் சொன்னேன். நாலுவழிச் சாலைக்காக வெட்ட அந்த மரத்துக்கும் சிவப்பு நம்பர் போட்டாயிற்று என்று பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள். நாளைக்கு யாரோ ஒருவன் மெஷின் வைத்து அறுப்பான். அப்போது அவர் எங்கே போவார், யார் அவரிடம் வா என்று சொல்வார்கள்? இவர் எழுந்து போய்க் குளித்தார். நீண்ட நேரம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் பொழுது விடிந்ததும் ஆட்டோ பிடித்து மூன்று பேரும் போனோம். கண்மாய்க் கரையில் அந்தம்மா இலந்தையிடம் ஏதோ சொல்லிவிட்டு ஒரு கிளையை ஒடித்தார். கையில் முள் குத்தி ரத்தம் வந்தது, துடைக்கவில்லை. புளியமரத்தடியில் சோறு வைத்த பழைய வாழையிலை ஒன்று காய்ந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து கொண்டுவந்த கொறடு ஒன்றை எடுத்தார். ஆணியைப் பட்டை பாதி மூடியிருந்தது. மண்டியிட்டு, பட்டையைச் சுரண்டி, பிடித்து இழுத்தார். வரவில்லை. சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, மரத்தில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"தம்பி, பிள்ளைக்காகச் செஞ்சிட்டேன். கோவிச்சுக்காதீக. அக்கா வந்திருக்காவ, வீட்டுக்குப் போங்க."

திரும்பப் பிடித்து இழுத்தபோது ஆணி வந்தது. அந்தம்மா அதை வாங்கி, துருவோடு ஒட்டியிருந்த மகளின் முடியை ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். அவசரப்படவே இல்லை. கடைசி இழை வரைக்கும் பிரித்து, என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டார். அதன்பிறகுதான் கிளையை மரத்தடியில் ஊன்றிப் பேச ஆரம்பித்தார். முன்னோர்கள் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு பெயருக்கும் குரல் ஏறியது. வானம் என்கிற சொல் ஒரு தடவை வந்தது, அது மட்டும் எனக்குப் புரிந்தது. பிறகு கிளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். என்னிடம் வாயைத் தொட்டுக் காட்டினார். இனி அவர் யாரிடமும் பேசமாட்டார்.

பேச ஓர் ஆள் வேண்டுமே என்று ஏர்போர்ட் வரைக்கும் நான் கூடப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மதுரை பஸ் ஏறினோம். ஜன்னலோரம் கிளை, பக்கத்தில் அவர், இந்த ஓரம் நான். மூன்று டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் தலையை எண்ணிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் கிழித்துக் கொடுத்தார். ஒவ்வொரு ஊர் வரும்போதும் அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் ஊர்ப் பெயரைச் சொல்வேன். அவர் குனிந்து கிளையிடம் அதைச் சொல்வார். கிருஷ்ணன்கோவில். பாலம் வருகிறது. வலது பக்கம் திரும்புகிறோம். வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று நினைக்கும்போதெல்லாம் முடி இருந்த கையை இறுக்கிக்கொண்டேன். மூடிய கையைத் திறக்கவே இல்லை. பாதி வழியில் என் வீட்டுக்காரர் போன் செய்தார். பிள்ளை மாடிக் கதவைத் திறந்துவிட்டு, அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள் என்றார். அவர் குரலிலும் நிம்மதி இல்லை.

டி.கல்லுப்பட்டியில் கூட்டம் திபுதிபுவென்று ஏறியது. கையில் கனமான பையோடு ஓர் அம்மா ஆட்களை இடித்துக்கொண்டு எங்கள் சீட்டுக்கு வந்தார். ஜன்னலோரம் கிளையைப் பார்த்தார். துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி நாங்கள் யாருக்கோ இடம் பிடித்திருப்பதாக நினைத்துவிட்டார்.

"ஆளு வருதாத்தா? இல்லாட்டி செத்த நேரம் உக்காந்துக்கிடுதேன்."

பக்கத்திலிருந்த அவர் அக்கா என்னைப் பார்த்தார். அவரால் பேச முடியாது. வரப்போகிற ஊர் ஒன்றைச் சொல்லி, அங்கே ஆள் ஏறும் என்று சமாளித்திருக்கலாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"இல்லங்க. அவிய உக்காந்திருக்காவ."

பைக்கார அம்மா ஜன்னலோரத்தை ஒரு தடவை பார்த்தார். அப்ப சரி என்று பையை இறக்கி வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு திருமங்கலம் வரைக்கும் நின்றபடியே வந்தார்.